மூன்று கட்டம் காட்டும்போதே பெட்ரோல் தீர்ந்தது: ஏடிவியின் எரிபொருள் மானியை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஒரு ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையிலும் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டி, ஓட்டி வருகிறேன். இன்ஜெக்ஷன் வண்டி, அதாவது மின்பம்ப் அழுத்தித் தரும் பெட்ரோலை எஞ்சினுக்குள் தெளிக்கும் வகை. கையேட்டின்படி டேங்க்கில் 18 லிட்டர் பிடிக்கும். மீட்டர் எரிபொருளின் அளவை 8 கட்டங்களாகக் காட்டும். வாங்கிய நாளிலிருந்தே அந்தக் கட்டங்கள் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்தன என்றாலும், அதன் போக்கு பிடிபட்டுவிட்டதால் பெரிதாகக் கவலைப்படவில்லை. கடந்த சில மாதங்களாக அந்தப் போக்கே மாறிவிட்டது.

டேங்க்கை நிரப்பிய பிறகு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓட்டினாலும் 8 கட்டமும் அப்படியே நிற்கின்றன. அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் 6 கட்டம் 4 ஆகிறது. இறக்கத்தில் திரும்பவும் ஏறிவிடுகிறது. முன்பெல்லாம் பெட்ரோல் குறைந்தால் கடைசிக் கட்டம் விட்டுவிட்டு மின்னும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தே பல மாதங்கள் ஆகின்றன.

போன வாரம் 3 கட்டம் காட்டுவதை நம்பி மேட்டுப் பாதையில் ஏறினேன். பாதி வழியில் எஞ்சின் இருமுறை திணறி நின்றுவிட்டது. இருட்டத் தொடங்கிவிட்டதால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு 4 கிலோமீட்டர் நடந்து இறங்கி, மறுநாள் காலையில் 5 லிட்டர் பெட்ரோலைக் கேனில் கொண்டுபோய் ஊற்றிய பிறகே அது கிளம்பியது. அன்று என்னுடன் வயதான என் மாமாவும் வந்திருந்தார். கையில் ஒரு சிறு டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கரட்டுப் பாதையில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்ததை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது.

விசாரித்ததில் ஒரு மெக்கானிக், ஏடிவி என்றாலே மானி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொருவர், டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். இரண்டில் எது சரி? இந்த வகை வண்டிகளில் மானி தவறாகக் காட்டுவது இயல்பா, பழுதா?

முதல் மறுமொழி

வணக்கம். இயல்பு, பழுது ஆகிய இரண்டும் உங்கள் வண்டியில் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம். இயல்பைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். மின்சுற்றைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் மீதியைச் சொல்வார்கள்.

டேங்க்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது மானிக்குத் தெரியாது. டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஒரு மெல்லிய கம்பிக் கையின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கை மேலும் கீழும் போகும்போது அதன் மறுமுனையிலுள்ள சிறு தொடுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மீது உரசியபடி நகரும். அந்த மின்தடையின் அளவைத்தான் மீட்டர் படித்துக் கட்டங்களாக மாற்றுகிறது. ஆகவே மானிக்குத் தெரிவதெல்லாம், மிதவை இருக்கும் அந்த ஓரிடத்தில் பெட்ரோல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே.

ஏடிவியின் டேங்க் சதுரப் பெட்டி அன்று. இருக்கைக்கும் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் ஒதுங்கி, மிஞ்சிய இடத்தில் வளைந்தும் குறுகியும் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் கலம் அது. பெரும்பாலும் மேற்புறம் அகன்றும் அடிப்புறம் ஒடுங்கியும் இருக்கும். மேல்பகுதியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்குச் செலவாகும் பெட்ரோலில் பாதியே அடிப்பகுதியில் அதே ஒரு சென்டிமீட்டருக்குப் போதுமானதாக இருக்கலாம். மேல் கட்டங்கள் நெடுநேரம் நின்று, கீழ்க் கட்டங்கள் மளமளவென்று சரிவதற்கு இதுவே காரணம். தவிர, மிதவையால் டேங்க்கின் கூரை வரைக்கும் போக முடியாது, தரை வரைக்கும் இறங்கவும் முடியாது. கழுத்துவரை நிரப்பும்போது மிதவைக்கு மேலே நிற்கும் முதல் ஓரிரு லிட்டர் மானியின் கணக்கில் வருவதே இல்லை.

சரிவில் நடப்பதை ஒரு கணக்கில் பார்த்தால் தெளிவாகும். மிதவை டேங்க்கின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி 20 டிகிரி ஏற்றத்தில் நிற்கும்போது பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கி, மிதவை இருக்கும் இடத்தில் மட்டம் சுமார் 5.5 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். டேங்க்கின் ஆழம் 25 சென்டிமீட்டர் என்றால் 8 கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஆக, ஒரு சொட்டுக்கூடச் செலவாகாமலே இரண்டு கட்டம் குறையும். உங்களுக்கு 6 கட்டம் 4 ஆனது இப்படித்தான். இறக்கத்தில் இதே பிழை எதிர்த்திசையில் வந்து, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மிதவை அலகை வாங்கிப் போட்டாலும் இந்தச் சரிவுப் பிழை போகாது. சமதளத்தில் நிறுத்தி, பெட்ரோல் தளும்பி அடங்கும்வரை சிறிது பொறுத்துப் பார்க்கும் அளவுதான் அளவு.

ஆனால் 3 கட்டத்தில் தீர்ந்துபோனதை நான் இயல்பு என்று சொல்ல மாட்டேன். காலியான டேங்க் காலி என்று காட்டாவிட்டால் வேறு ஏதோ கெட்டிருக்கிறது.

இரண்டாம் மறுமொழி

ஒரு குறுக்குக் கேள்வி. அன்று பெட்ரோல் உண்மையிலேயே தீர்ந்துதான் போயிற்றா?

டேங்க்குக்குக் காற்று போக ஒரு மெல்லிய குழாயோ மூடியில் ஒரு துளையோ இருக்கும். சேறு உலர்ந்து அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் வண்டி திணறி நின்றுவிடும். அப்போது ஓட்டுபவர் என்ன செய்வார்? பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறப்பார். திறந்த உடனே காற்று உள்ளே போய்விடும். ஊற்றிய பின் வண்டி ஓடும். பெட்ரோல் தீர்ந்ததால்தான் நின்றது என்று சத்தியம் செய்யத் தோன்றும். நானே இரண்டு முறை இப்படி ஏமாந்து, குறையில்லாத மிதவை அலகு ஒன்றைத் தேவையில்லாமல் மாற்றியிருக்கிறேன். மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டதா? அதன் பிறகு டேங்க்கை நிரப்பியபோது எத்தனை லிட்டர் பிடித்தது? இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மூடியைத் திறந்தபோது அப்படி எந்த ஓசையும் கேட்டதாக நினைவில்லை. ஆனால் லிட்டர் கணக்கு என்னிடம் இருக்கிறது. கேனில் கொண்டுபோய் ஊற்றியது 5 லிட்டர். அங்கிருந்து கீழே வர 40 நிமிடம் ஓடியது. அதற்கு ஒன்றரை லிட்டர் செலவு என்று வைத்துக்கொள்கிறேன். அதன்பின் நிரப்பியபோது 14 லிட்டர் பிடித்தது. கூட்டிக் கழித்தால் 17.5 லிட்டர். டேங்க்கின் கொள்ளளவு 18 என்பதால், வண்டி நின்றபோது உள்ளே அரை லிட்டர்தான் இருந்திருக்கிறது. ஆகவே அது தீர்ந்துதான் நின்றது. 5 லிட்டர் ஊற்றியதும் மானி 5 கட்டம் காட்டியது என்பதையும் இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் மறுமொழி

நீங்கள் தந்த அளவுகள் நோயை ஏறக்குறைய காட்டிக் கொடுத்துவிட்டன. முழு டேங்க்கில் 8 கட்டமும் அளவுக்கு மீறி நெடுநேரம் நிற்கின்றன. காலி டேங்க்கில் 3 கட்டம் காட்டுகிறது. எச்சரிக்கை மின்னுவதே இல்லை. மேலே, நடுவே, கீழே என எல்லா நிலையிலும் மானி ஒரே அளவுக்கு மிகுதியாகக் காட்டுகிறது. மின்தடைப் பட்டை தேய்ந்திருந்தால் இப்படி இருக்காது. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் துள்ளும், அல்லது திடீரென்று ஒரு ஓரத்துக்குப் போய்த் திரும்பும். மிதவையில் துளை விழுந்து அது மூழ்கியிருந்தால் எப்போதும் காலி என்றே காட்டும். மிதவைக் கையின் கம்பி மேல்நோக்கி வளைந்திருந்தால் குறைத்துக் காட்டும். கீழ்நோக்கி வளைந்திருந்தால் மிகுத்துக் காட்டும். அது ஒரு சாத்தியம்தான். ஆனால் டேங்க்கைத் திறக்காத வண்டியில் கை தானாக வளைவது அரிது. எனவே என் சந்தேகம் மின்சுற்றின் மீது, குறிப்பாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் கம்பியின் மீது இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். மிதவை அலகுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டேங்க் காலியானால் மின்தடை கூடும். அமெரிக்க வழக்கில் காலிக்கு 240 ஓம், முழுமைக்கு 33 ஓம் என்பது பரவலான அளவு. மற்றதில் காலியானால் மின்தடை குறையும். ஐரோப்பிய வழக்கில் காலிக்கு 10 ஓம், முழுமைக்கு 180 ஓம். ஏடிவிகளில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு மாறும் என்பதால், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணையே பார்க்க வேண்டும். கம்பிகளை இணைக்கும் கப்ளரிலோ எர்த் முனையிலோ பச்சைக் களிம்பு ஏறினால் அதுவும் ஒரு மின்தடையாக நின்று, மிதவை அலகின் மின்தடையோடு கூடிக்கொள்ளும். முதல் வகையில் மானி குறைத்துக் காட்டும். ஓட்டுபவர் அடிக்கடி பெட்ரோல் போடுவார், அவ்வளவுதான். இரண்டாம் வகையில் மிகுத்துக் காட்டும். நடுவழியில் நிற்க வைக்கும். உங்களுடையது இரண்டாம் வகை என்றால் எல்லாம் பொருந்தும்.

சோதிக்கும் முறை இது. சாவியை அணைத்து, மிதவை அலகையும் உள்ளடக்கிய பம்ப் தொகுதியின் கப்ளரைக் கழற்றுங்கள். அந்தக் கப்ளரில் பம்ப்புக்கு மின்சாரம் போகும் முனைகளும் இருக்கும் என்பதால், வயரிங் படத்தைப் பார்த்து மிதவை அலகின் இரண்டு முனைகள் எவை என்று உறுதி செய்துகொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். முதலில் டேங்க் பக்கத்து முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மிதவை அலகின் ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டிப் பக்கத்து எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். அது ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். சில வண்டிகளில் எர்த் நேராகச் சட்டத்துக்குப் போகாமல் மீட்டரின் வழியாகத் திரும்பும். அதையும் படத்தில் பார்த்துவிடுங்கள்.

எர்த்தில் குறை இல்லையென்றால் மட்டுமே டேங்க்கைத் திறக்கும் பேச்சு வர வேண்டும். அப்படித் திறக்க நேர்ந்தால், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து எட்டத்தில் இருக்கும் தீப்பொறியையும் தேடிப் போகும் என்பதை மறக்காமல் திறந்தவெளியில் செய்யுங்கள். தொகுதியைத் திரும்ப வைக்கும்போது அதிலுள்ள அடையாளக் குறியும் டேங்க்கின் மீதுள்ள குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சற்றே திரும்பி உட்கார்ந்தாலும் மிதவையின் கை டேங்க்கின் சுவரில் தட்டி நின்றுவிடும். புதிய பாகம் போட்ட பிறகும் மானி பாதிக்குமேல் ஏறவில்லை என்று வரும் குறைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இதுதான். பழைய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும் என்பதால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

மின்தடைப் பட்டையே கெடுவதும் உண்டு. வெள்ளி கலந்த தொடுமுனைகளைக் கந்தகம் கருக்கிவிடும். 2004-இல் அமெரிக்காவின் லூசியானா, புளோரிடா மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்ததால் ஏராளமான கார்களின் எரிபொருள் மானிகள் ஒரே சமயத்தில் பழுதாயின. ஆனால் அப்படிப்பட்ட பழுதில் மானி முன்னுக்குப்பின் முரணாக ஆடும். உங்களுடையது தவறாகக் காட்டினாலும் சீராகத் தவறுகிறது.

நான்காம் மறுமொழி

மேலே எழுதியவர்கள் பழுதைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். பழுதில்லாத மானியைக்கூட நம்பி நான் வெளியூர்ப் பாதையில் போவதில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பும் வசதி இருந்தது. மானி என்ன காட்டினாலும், எஞ்சின் திணறியதும் குனிந்து டேப்பைத் திருப்பினால் வீடு வந்து சேரலாம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்த வசதி போய்விட்டது. அதோடு, பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அடிக்கடி வறண்டு ஓடவிட்டால் பம்ப்பின் ஆயுள் குறையும். ஆகவே தவறான மானியால் வரும் இழப்பு நடையோடு முடிவதில்லை.

ஏடிவியில் பெட்ரோலைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதைவிட மணியில் கணக்கிடுவதே பொருத்தம். சேற்றில் லோ கியரில் ஒரு மணி நேரம் உழன்று இரண்டு கிலோமீட்டர் கடந்திருப்போம். பெட்ரோலோ சமதளத்தில் ஓடியதைவிட அதிகம் செலவாகியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் மணிக் கணக்கு காட்டும் மீட்டர் இருக்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மணியையும் லிட்டரையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். பத்து முறை எழுதினால் உங்கள் வண்டியின் பசி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

டேங்க் வெளிறிய நிறமாக இருந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். பெட்ரோலின் மட்டம் நிழல் கோடாகத் தெரியும். கறுப்பு டேங்க் என்றால் இது நடக்காது.

கேள்வி கேட்டவர்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். முழுமையாக அளந்து பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

சர்வீஸ் கையேட்டைத் தேடிப் பார்த்ததில், என் வண்டியின் மிதவை அலகு காலிக்கு 10 ஓம், முழுமைக்கு 180 ஓம் என்ற இரண்டாம் வகைதான். மிதவை அலகு சரியாக இருந்தது. ஆனால் வண்டிப் பக்கத்து எர்த் முனைக்கும் பேட்டரிக்கும் இடையே 55 ஓம் காட்டியது. கம்பியின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனேன். அது இருக்கைக்கு அடியில், பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு வந்து படியும் மூலையில், சட்டத்தோடு ஒரு போல்ட்டில் முறுக்கப்பட்டிருந்தது. மேலே பார்த்தால் காய்ந்த சேறு மட்டும்தான். சுரண்டிப் பார்த்தபோது போல்ட்டின் தலைக்குக் கீழே வளைய முனை முழுவதும் பச்சைக் களிம்பு ஏறி, கம்பியின் இழைகளில் பாதி பொடியாக உதிர்ந்தது. பம்ப்புக்கு எர்த் வேறிடத்தில் இருப்பதால் வண்டியின் ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. வண்டியைக் கழுவும்போது அதிவேக நீரை இதே மூலையில் பாய்ச்சும் வழக்கம் எனக்கு உண்டு. அதுவும் களிம்பு ஏறத் துணை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கம்பியை நல்ல இடம்வரை வெட்டி, புதிய வளைய முனை பொருத்தி, சட்டத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது எர்த்தில் 0.3 ஓம்தான். 10 ஓம் முதல் 180 ஓம் வரை 8 கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு 21 ஓம். 55 ஓம் என்பது இரண்டரைக் கட்டத்துக்கும் சற்று மேல். 3 கட்டத்துக்குக் கீழே மானி ஏன் இறங்கவில்லை என்பதும், எச்சரிக்கை ஏன் மின்னவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிட்டன.

அதோடு விடாமல் டேங்க்கை வடித்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அரை அரை லிட்டராக ஊற்றி அளந்தேன். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். முதல் கட்டம் மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிய 2 லிட்டர் ஆயிற்று. இரண்டாம் கட்டம் 3.5 லிட்டரிலும், மூன்றாவது 4.5-இலும், நான்காவது 6-இலும், ஐந்தாவது 8-இலும், ஆறாவது 10.5-இலும், ஏழாவது 13-இலும், எட்டாவது 15.5-இலும் எழுந்தன. அதற்குமேல் ஊற்றிய இரண்டரை லிட்டருக்கு மானி அசையவே இல்லை. முதல் மறுமொழியில் சொன்ன டேங்க்கின் வடிவம் இந்த எண்களில் அப்படியே தெரிகிறது. நான்காவது கட்டம் அணையப்போகும் நேரத்தில், பாதி இருக்கிறது என்று நான் நினைத்து வந்த நேரத்தில், உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த எண்களைச் சிறு அட்டையில் எழுதி, இருக்கையின் அடிப்புறம் ஒட்டியிருக்கிறேன். மணிக் கணக்கும் எழுதத் தொடங்கிவிட்டேன்: சமதளத்தில் மணிக்கு 2.2 லிட்டர், சேற்றுப் பாதையில் லோ கியரில் 3.6 லிட்டர். கேட்காமலே காற்றுக் குழாயையும் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்லை.

முதல் மறுமொழி எழுதியவர்

பயனுள்ள அளவுகள். ஒன்றே ஒன்று: அளந்து முடித்த டேங்க்கைக் கழுத்துவரை நிரம்பிய நிலையில் வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். 20 டிகிரி சூடு ஏறினால் 18 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் விரியும். அது வழிந்தோ காற்றுக் குழாய்க்குள் ஏறியோ போகும். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிட்டு, அந்த அளவையும் உங்கள் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

குறித்துக்கொண்டேன், ஐயா. நேற்று அதே மேட்டுப் பாதையில் மாமாவையும் அழைத்துக்கொண்டு போய்வந்தேன். மேலே சமதளத்தில் நிறுத்திப் பார்த்தபோது 5 கட்டம். திரும்பி வந்து நிரப்பியபோது 10 லிட்டர் பிடித்தது.